வாப்பாவின் லொறியும் மூன்றாவது கியரும்



லொறி வைத்துத் தொழில் செய்கிற குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. அவர்களில் ஒருவருக்காவது பயன்படட்டும் என்று இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் வீட்டு லொறி பதினாலரை அடி, ஜப்பான் வண்டி. வாப்பா வாங்கியது. எங்களையெல்லாம் படிக்க வைத்தது அதுதான். கல்வியியற் கல்லூரிக்குப் போன நாளில் பெட்டி, படுக்கை, வாளி எல்லாம் அதில்தான் போயின. இப்போது வாப்பாவுக்கு முழங்கால் முடியாது, காக்காதான் ஓட்டுகிறார். வேளாண்மை வெட்டுக் காலத்தில் எங்கள் பக்கத்து நெல்லை ஏற்றிக்கொண்டு மகியங்கனை, கண்டி வழியாக மரந்தகஹமுலவுக்குப் போவார். திரும்பும்போது கொழும்பிலிருந்து கடைச் சாமான் வரும்.

கடந்த பெரும்போக வெட்டில் ஒரு நாள், சாமான் ஏற்றிக்கொண்டு பதினெட்டு வளைவில் இறங்கும்போது மூன்றாவது கியர் தானாக நியூட்ரலுக்குப் பாய்ந்தது. பாரத்தோடு இறங்கும் லொறியைப் பிடித்து வைப்பது பிரேக் மட்டுமல்ல, கியரும்தான். கியர் கழன்றால் எஞ்சினின் இழுவை இல்லை. எக்ஸோஸ்ட் பிரேக்கும் கியரில் இருந்தால்தான் வேலை செய்யும். மிச்சம் இருப்பது கால் பிரேக், அதுவும் சூடேறச் சூடேறப் பிடி குறையும். காக்கா எப்படியோ இரண்டாவதைப் போட்டு ஓரம் கட்டிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். பிரேக் புகைந்த மணம் அவருடைய சேர்ட்டிலேயே வீடு வரை வந்தது.

அன்றிரவு எல்லோரும் கூடி இருந்தோம். ஆளுக்கொரு யோசனை. "மூணாங் கியர் சாமானை மட்டும் மாத்துவம்" என்றார் மச்சான். "பொக்ஸை முழுசாப் பிரிச்சு உள்ளுக்குள்ள எல்லாம் புதுசாப் போடுவம்" என்றார் காக்கா. பஞ்சிகாவத்தையில் பாவித்த கியர் பொக்ஸ் ஒன்றை எடுத்து வந்து ஒரே நாளில் மாட்டிவிடலாம் என்றோம் நாங்கள். எங்களுக்கு அரசாங்க இடர்கடன் எடுக்கலாம் என்ற தைரியம்.

அடுத்த நாள் நாலாவது யோசனையோடு ஒரு தரகர் வந்தார். பொக்ஸுக்குள் தடித்த ஒயிலை ஊற்றினால் சத்தம் அடங்கும், அப்படியே கைமாற்றிவிடலாம் என்றார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய நாளிலிருந்து பழைய லொறிக்கு ஏறிய விலை இன்னும் இறங்கவில்லை, இதுதான் நேரம் என்றார். பொய் சொல்ல மாட்டோம், ஒரு நிமிஷம் எங்களுக்கும் ஆசை வந்தது. வாப்பா கட்டிலில் இருந்தபடியே சொன்னார்: "அந்த மூணாங் கியர் இன்னொருத்தன்ட புள்ளைக்கு அதே வளைவுல பாயும். அந்தக் காசில வாங்குற சோறு நம்மட வீட்டுக்கு வேணாம்." குறையை மறைத்து விற்பது ஹராம் என்று சின்ன வயதில் ஓதிப் படித்ததுதான். ஆனால் அது எங்கள் வாசலுக்கு வந்து நின்றது அன்றைக்குத்தான்.

கராஜ் பாஸிடம் கொண்டு போனோம். எவ்வளவு முடியும் என்றுதான் முதலில் கேட்டோம். "என்ன உடைஞ்சிருக்கெண்டு தெரியாம எப்பிடி சேர் விலை சொல்ற?" என்றார். வகுப்பில் நாங்கள் செய்வதும் இதுதானே. ஒரு பிள்ளையின் கணக்கு பிழைத்தால் விடையை மட்டும் வெட்டிவிட்டுப் போவதில்லை, எந்தப் படியில் பிழைத்தது என்று தேடுகிறோம். அதைச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிற நாங்கள் லொறி விஷயத்தில் விடையிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.

கழற்றுவதற்கு முன் அவர் பார்த்தவற்றைச் சொல்கிறோம். உங்கள் வண்டியிலும் இதையெல்லாம் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, நியூட்ரலில் விட்டுக் கேட்டார். கிளச்சை மிதிக்காதபோது ஒரு முனகல். மிதித்ததும் நின்றது. பொக்ஸுக்குள்ளே சுற்றும் பேரிங் தேய்ந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். பிறகு ஓட்டிப் பார்த்தார். நாலாவது கியரில் சத்தம் வெகுவாகக் குறைந்தது. எங்கள் பொக்ஸில் நாலாவது நேர் கியர். எஞ்சினின் சக்தி மேல் ஷாஃப்டிலேயே நேராகப் போய்விடும், கீழ் ஷாஃப்டில் பாரம் விழாது. நாலாவதில் சத்தம் குறைந்து மற்றவற்றில் கேட்டால் கீழ் ஷாஃப்டின் பேரிங்கில் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது கிளச். முழுக்க மிதித்து, சில விநாடி பொறுத்து, ரிவேர்ஸ் போட்டார். கறகற என்றது. அத்தனை நேரம் பொறுத்தும் உரசினால் கிளச் முழுதாக விடுபடவில்லை என்று அர்த்தம். குனிந்து பார்த்தால் பொக்ஸுக்குப் பக்கத்திலுள்ள கிளச் சிலிண்டரில் ஒயில் கசிந்து மண் படிந்திருந்தது.

கடைசியாக கியர் ஒயிலை வடித்தார். வடிக்கிற நட்டிலே காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் பசைபோல மெல்லிய தூள் ஒட்டியிருந்தால் பயமில்லை, எல்லாப் பொக்ஸிலும் தேய்மானம் உண்டு. எங்கள் காந்தத்தில் நகக்கீற்று அளவில் இரண்டு இரும்புச் சில்லுகள் இருந்தன. வடித்த ஒயில் வெயிலில் பொன்போல மினுங்கியது. அது பித்தளை. கியர் மாற்றும்போது இரண்டு பக்க வேகத்தையும் ஒன்றாக்கிக் கொடுக்கிற சிங்ரோ ரிங் கரைந்து ஒயிலோடு கலந்திருக்கிறது.

பொக்ஸை இறக்கிப் பிரித்தார். மூன்றாவது கியரின் சிங்ரோ ரிங் முடிந்திருந்தது. கியரைப் பூட்டிப் பிடிக்கிற சின்னப் பற்கள் முனை மழுங்கி உருண்டிருந்தன, அதுதான் பாய்ந்த காரணம். கீழ் ஷாஃப்டின் இரண்டு பேரிங்கிலும் அம்மைத் தழும்புபோலக் குழிகள். ஆனால் மற்ற கியர்களின் பெரிய பற்கள் நன்றாக இருந்தன. பொக்ஸின் கூட்டில் வெடிப்பு இல்லை. பேரிங் உட்காரும் துளைகளும் தேயாமல் இறுக்கமாக இருந்தன.

இந்தக் கடைசி இரண்டும்தான் எங்கள் தீர்மானத்தை முடிவு செய்தன. கூடு வெடித்திருந்தால், அல்லது பேரிங் துளைக்குள்ளே சுழன்று கூட்டையே தின்றிருந்தால், அல்லது கீழ் ஷாஃப்டின் கியர் உடைந்திருந்தால் பொக்ஸை மாற்றுவதுதான் புத்தி. அந்த நிலையில் பிரித்துப் பூட்டுவது காசை ஆற்றில் போடுவது.

மூன்றாவது கியரை மட்டும் மாற்றினால் என்ன என்று கேட்டோம். இறக்கி, பிரித்து, பூட்டி, ஏற்றுகிற கூலி எப்படியும் ஒன்றுதான் என்றார் பாஸ். அதோடு தேய்ந்த பேரிங் இருந்தால் ஷாஃப்ட் ஆடும், அது ஆடினால் புது ரிங்கையும் சீக்கிரம் தின்னும்.

பாவித்த பொக்ஸ் என்றால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது. கிடைக்கும் உத்தரவாதமும் சொற்ப நாள். அது எங்கள் எஞ்சினுக்குப் பொருந்த வேண்டும். முன் ஷாஃப்டின் பல் எண்ணிக்கை, கியர் விகிதம், மீட்டர் கேபிள் பூட்டுகிற இடம் எல்லாம் ஒத்துவர வேண்டும். ஆனாலும் அது கெட்ட வழி என்று சொல்ல மாட்டோம். வெட்டு நடக்கும்போது லொறி நின்றால் ஒவ்வொரு நாளும் நட்டம். ஒரே நாளில் ரோட்டுக்கு ஏற வேண்டியவருக்கு அதுதான் சரியாக இருக்கலாம்.

அன்றைய விலையில் எங்கள் கணக்கு இது. மூன்றாவது கியரை மட்டும் திருத்த 55,000 ரூபா. முழுப் பொக்ஸையும் புதுப்பிக்க 1 இலட்சத்து 40,000. பாவித்த பொக்ஸ் எடுத்து வந்து மாட்ட 2 இலட்சத்து 30,000. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் அந்த வருடமே 360 ரூபா வரை போனது. உதிரிப்பாகம் எல்லாம் வெளியிலிருந்து வருவதுதானே, அந்த அடி இன்னும் விலையில் இருக்கிறது. புதுப்பிப்பது என்று முடிவெடுத்தோம்.

உண்மையில் இந்தப் பதிவை எழுத வைத்தது இனிமேல் சொல்லப் போவதுதான்.

கிளச் சிலிண்டர் கசிவதை பாஸ் காட்டியபோது காக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அது மூணு நாலு மாசமா இருக்கி. சொன்னா செலவெண்டு நினைச்சன்." கிளச் முழுதாக விடுபடாமல் ஒவ்வொரு தடவையும் கியரைத் திணித்துப் போட்டதில்தான் ரிங் தேய்ந்தது. விலை குறைவென்று ஊற்றிய ஒயிலும் பிழை. எங்கள் பொக்ஸுக்குச் சொல்லியிருப்பது ஜீஎல்-4. ஊற்றியிருந்தது டிஃபரென்ஷலுக்குரிய ஜீஎல்-5. அந்த வகை ஒயில்கள் சிலவற்றில் உள்ள கந்தக மருந்து பித்தளையை அரிக்கும். ஒரு சின்னக் கசிவும் ஒரு கேன் ஒயிலும் ஒரு பொக்ஸையே தின்றிருக்கின்றன. நாங்கள் ஆசைப்பட்டபடி வேறு பொக்ஸை மாட்டியிருந்தாலும் அந்தக் கிளச் அதையும் தின்றிருக்கும்.

வீட்டுக்கு வந்து லொறிக் கணக்குக் கொப்பியைத் திறந்தோம். அந்த நாலு மாதமும் ஒரு ஹயர் தவறாமல் வரவு எழுதியிருக்கிறது. தங்கச்சியின் பல்கலைக்கழகச் செலவு, உம்மாவின் கண் ஒப்பரேஷன், எங்கள் வீட்டுக் கூரைக்குக் கைமாற்று, எல்லாம் அதிலிருந்துதான் போயிருக்கிறது. லொறிக்கென்று எழுதியது டீசலும் ஒரு டயரும் மட்டும். மாதச் சம்பளம் வாங்குகிற நாங்கள் கூட "காக்கா, லொறி எப்பிடி ஓடுது?" என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் "இந்தக் கிழமை எத்தினை ஹயர்?" என்றுதான். சொன்னால் செலவு என்று அவர் பயந்தது எங்களைப் பார்த்துத்தான். அந்த மனிதர் அதே லொறியில், எங்களுக்காக, அந்த வளைவில் இறங்கியிருக்கிறார்.

இடர்கடன் எடுத்தோம். காக்கா வேண்டாம் என்றார், மதினி தன் காப்பைக் கழற்றினார். இரண்டையும் வாப்பா விடவில்லை. "படிச்ச புள்ள கட்டட்டும். படிச்சது இந்த வண்டியிலதானே" என்றார். எங்களுக்கு அது குத்தலாக இல்லை, நிம்மதியாகத்தான் இருந்தது.

வேலை முடிய ஒன்பது நாள் எடுத்தது. ஒரு பேரிங் கொழும்பிலிருந்து வரத் தாமதம். சொன்னதைவிட 18,000 ரூபா கூட முடிந்தது. வெட்டு நேரம் என்பதால் மூன்று ஹயர் கைவிட்டுப் போனது. இதையெல்லாம் மறைக்காமல் எழுதுகிறோம், நீங்களும் உங்கள் கணக்கில் இப்படிக் கொஞ்சம் கூட வைத்துக்கொள்ளுங்கள். கிளச் சிலிண்டரை மாற்றி, சரியான ஒயில் ஊற்றி, முதல் சில நாள் பாரம் குறைத்து ஓட்டினார் காக்கா. இப்போது ஒவ்வொரு ஹயருக்கும் 1,500 ரூபா தனி டப்பாவில் போகிறது. டப்பா மதினியின் கையில். கொப்பியில் "லொறி சொன்னது" என்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். சத்தம், கசிவு, இறுக்கம் எதுவானாலும் காக்கா அன்றைக்கே எழுதுகிறார்.

கடைசியாக இரண்டு விஷயம். கியர் பாய ஆரம்பித்துவிட்டால், காரணம் தெரியும் வரை பாரம் ஏற்றி மலையில் இறக்காதீர்கள். எந்த ஹயரும் அதற்குப் பெறுமதி இல்லை. திருத்துவதா, புதுப்பிப்பதா, மாற்றுவதா என்று வீட்டில் விவாதிக்கும் முன், பிரித்து என்ன உடைந்தது, ஏன் உடைந்தது என்று பாருங்கள். அதோடு உங்கள் வண்டியை ஓட்டுகிறவரிடம் இன்றைக்கே ஒரு தடவை கேளுங்கள், வண்டி எப்படி இருக்கிறது என்று. அவர் எப்படி இருக்கிறார் என்றும் கேளுங்கள்.

வாப்பாவின் முழங்காலுக்கும் காக்காவின் பயணங்களுக்கும் துஆ செய்யுங்கள்.