விற்ற இறுவட்டும் வைத்துக்கொண்ட பிரதியும்

புதிய மடிக்கணினிகளில் இறுவட்டைச் செருகுவதற்கு இடமே இல்லாமற் போய்விட்டது. 1998இல் டிவிடி இறுவட்டுகளைத் தபால் மூலம் வாடகைக்கு அனுப்பத் தொடங்கிய அமெரிக்காவின் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமும் 2023 செப்டெம்பரில் அந்தச் சேவைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. ஆனால், நம் வீட்டு அலுமாரிகளில் அடுக்கிய இறுவட்டுகள் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றுள் சதுரங்கம், வயலின், தோட்டக்கலை, பறவை நோக்கல் போன்றவற்றைக் கற்பிக்கும் இறுவட்டுகள் தனி ரகம். வாங்கியவர் கற்று முடித்தபின்பும் இன்னொருவருக்குப் பயன்படக்கூடியவை அவை. ஆகவே, பழையதாயினும் அவற்றுக்கு விலை உண்டு.

லக்கலயில் வசிக்கும் என் நண்பர் ஒருவரிடம் அவ்வாறான இறுவட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய நகரை விட்டு, 2018இல் திறக்கப்பட்ட புதிய லக்கல நகருக்குப் பெயர்ந்து வந்தவர்களுள் ஒருவர். நக்கிள்ஸ் மலைச்சாரலில் பறவை பார்ப்பதும், மாலையில் சதுரங்கம் ஆடுவதும் அவருடைய பொழுதுபோக்குகள். பெட்டியை விற்றுவிட விரும்பினார். விற்பதற்கு முன்னர் அனைத்தையும் கணினியில் பிரதி செய்து வைத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டார். பத்திரிகைக்காரனுக்குச் சட்டமும் தெரிந்திருக்கும் என்பது ஊரார் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்காக, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைப் புரட்டினேன்.

முதலில் விற்பனை. ஒரு படைப்பின் பிரதிகளை விற்பனை மூலம் பொதுமக்களிடையே விநியோகிக்கும் உரிமை பதிப்புரிமையாளருக்கே உரியது என்கிறது 9ஆம் பிரிவு. அதே பிரிவு ஒரு விலக்கையும் தருகிறது. சட்டப்படி தயாரிக்கப்பட்ட பிரதி ஒன்றின் சொந்தக்காரர், பதிப்புரிமையாளரின் அனுமதி இன்றியே அந்தப் பிரதியை விற்கலாம். வேறு விதமாகக் கைமாற்றவும் செய்யலாம். ஆகவே, பழைய இறுவட்டை விற்பது குற்றமன்று.

இந்தக் கொள்கைக்கு நூறாண்டுகளைக் கடந்த வரலாறு உண்டு. அமெரிக்கப் பதிப்பகம் ஒன்று, தன் நாவலை ஒரு டாலருக்குக் குறைவாக விற்பது பதிப்புரிமை மீறல் என்று புத்தகத்திலேயே அச்சிட்டது. மேசிஸ் கடைக்காரர்கள் அதனை 89 சதத்துக்கு விற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. முதல் விற்பனையோடு பதிப்பகத்தின் பிடி தளர்ந்துவிடுகிறது என்று 1908இல் தீர்ப்பாயிற்று.

இந்தியாவில் நிலைமை வேறாக இருந்தது. புத்தகத்துக்கு அங்கும் இந்தச் சலுகை உண்டு. ஆனால் திரைப்படப் பிரதியைப் பொறுத்தவரை, அது முன்னர் விற்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், விற்கும் உரிமையும் வாடகைக்கு விடும் உரிமையும் படத்தின் உரிமையாளருக்கே என்று சட்டம் சொல்லியது. அமெரிக்காவில் முறைப்படி வாங்கிய டிவிடிகளை டெல்லியில் வாடகைக்கு விட்ட ஒரு கடைக்கு எதிராக வார்னர் பிரதர்ஸ் தொடுத்த வழக்கில், 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் கடைக்காரருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அந்தச் சொற்கள் நீக்கப்பட்டன.

அடுத்தது பிரதி. இலங்கைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தனிமனிதர் ஒருவர் தமது சொந்தத் தேவைக்காக, சட்டபூர்வமான பிரதி ஒன்றிலிருந்து ஒரேயொரு பிரதி எடுப்பதை அனுமதிக்கிறது. கீறல் விழுந்தாலும் பூஞ்சணம் பிடித்தாலும் பாடம் அழியாமலிருக்க அது உதவும். ஆனால் உரிமையாளரின் நியாயமான நலனுக்குக் கேடு விளையுமாயின் இந்த அனுமதி செல்லாது.

தனித்தனியே பார்த்தால் விற்பதும் சரி, பிரதி எடுப்பதும் சரி. இரண்டையும் ஒருவரே அடுத்தடுத்துச் செய்யும்போதுதான் கணக்கு இடிக்கிறது. பணம் ஒரு பிரதிக்கே கொடுக்கப்பட்டது, பயன்படுத்துவோரோ இருவராகிவிட்டனர். வாங்கியவரும் அதையே செய்தால் மூவர். கணினி மென்பொருளின் காப்புப் பிரதியைப் பற்றிச் சட்டம் வெளிப்படையாகவே பேசுகிறது: மூலப் பிரதியை வைத்திருக்கும் உரிமை நீங்கினால் காப்புப் பிரதியையும் அழித்துவிட வேண்டும். டிவிடி பற்றி அத்தகைய வாசகம் இல்லை. ஆயினும் மூலத்தை விற்றபின் பிரதியை வைத்துக்கொள்வது உரிமையாளரின் நலனைப் பாதிக்கவே செய்யும் என்பது என் வாசிப்பு.

இத்தகைய இறுவட்டுகளின் பின்னால் பெரும்பாலும் ஹொலிவூட் நிறுவனங்கள் இருப்பதில்லை. தாமே பாடம் சொல்லி, தாமே ஒளிப்பதிவு செய்து, குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்ட ஓர் ஆட்டக்காரரோ இசை ஆசிரியரோ இருப்பார். பத்துப் பிரதி குறைந்தாலும் அவருக்கு அது பெரிய இழப்பு.

இன்னொன்றையும் நண்பருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. விற்கும் உரிமை, சட்டப்படி தயாரிக்கப்பட்ட பிரதிக்கு மட்டுமே. நம் நாட்டுக் கடைகளில் சொற்ப விலைக்கு வாங்கியவற்றுள் திருட்டுப் பிரதிகள் எத்தனை என்பது எல்லோரும் அறிந்ததே. திருட்டுப் பிரதி என்று அறிந்தே அதை வணிகத்துக்காக விற்பவருக்கு 5 இலட்சம் ரூபா வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அடிப்பக்கம் வெள்ளியாக மின்னினால் பெரும்பாலும் ஆலையில் அச்சிட்டது; ஊதா நிறம் தெரிந்தால் கணினியில் பதிந்தது. எனினும் சிறிய வெளியீட்டாளர்கள் சிலர் பதிந்த தட்டுகளையே முறைப்படி விற்றதுண்டு. நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது.

நண்பர் பெட்டியை மூன்றாகப் பிரித்தார். ஐயத்துக்குரியவற்றை ஒதுக்கினார். மீண்டும் பார்க்க விரும்பியவற்றைத் தமக்கென வைத்துக்கொண்டார். எஞ்சியவற்றைப் பிரதி எடுக்காமலே விற்றார்.

இந்த உரிமையின் அருமை இனித்தான் நமக்கு விளங்கப்போகிறது. இணையத்தில் பணம் கட்டிப் பார்க்கும் பாடத்தை நாம் யாருக்கும் விற்க முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கவும் முடியாது. தரவிறக்கிய மின்னூலை இரண்டாங்கையாக விற்க அனுமதி தேவை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019இலேயே தீர்ப்பளித்துவிட்டது. கையில் எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடிய பாடமாக எஞ்சியிருப்பது இந்த இறுவட்டுத்தான். கொடுக்கும்போது முழுமையாகக் கொடுத்துவிடுவதே அதற்குரிய நேர்மை.