ரெண்டு சாரு தெரியிறீக



போன வாரம் நான் போட்ட பழைய ஐந்தாம் வகுப்புப் படத்துக்குக் கீழே "சார், இது எந்தக் கேமரா?" என்று ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தீர்கள். பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது. வாத்தியார் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது யாஷிகா எலக்ட்ரோ 35. சிங்கப்பூரிலிருந்து வந்த என் ஒன்றுவிட்ட அண்ணன் 1984ல் கொடுத்தது. பள்ளி ஆண்டு விழா, குரங்கணிக்கு நடந்து போன சுற்றுலா, உங்களில் சிலருடைய கல்யாணம் எல்லாம் அதில் எடுத்ததுதான். பாதிப் படங்கள் ஊட்டியில் தயாரான இந்து ஃபிலிமில் எடுத்தவை.

அது ரேஞ்ச்ஃபைண்டர் வகைக் கேமரா. முன்பக்கம் இரண்டு சின்ன ஜன்னல் இருக்கும். இரண்டு ஜன்னல் காட்சியும் நாம் பார்க்கும் கண்ணாடியின் நடுவில் ஒரு மஞ்சள் கட்டத்துக்குள் ஒன்றின்மேல் ஒன்று விழும். எதிரில் நிற்பவர் அதில் இரண்டு ஆளாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நகர்ந்து வந்து ஒன்றாகும். ஒன்றானதும் அமுக்க வேண்டியதுதான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பேனாவுக்கு மூடி மாட்டச் சொல்லி வகுப்பில் உங்களைச் சிரிக்க வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு இடத்திலிருந்து பார்த்தால்தான் தூரம் பிடிபடும். அதே கணக்குதான் இதுவும்.

என் மாணவன் ஒருவன் பெங்களூரில் இருக்கிறான். (பெயர் போட்டால் கோபித்துக்கொள்வான்.) அந்த யாஷிகாவைத் தொட்டுப் பார்க்கவே மதிய இடைவேளையில் என் மேஜைப் பக்கம் சுற்றிய பயல். இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் அவனுக்கும் எனக்கும் ஒரே பேச்சு: அடுத்த டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் எப்போது வரும், எப்படி வரும்?

இந்த வகையில் டிஜிட்டலாக முதலில் வந்தது 2004ல் எப்சன் ஆர்-டி1. 6 மெகாபிக்சல்தான். ஃபிலிமே இல்லாத கேமராவில் ஃபிலிம் கேமரா மாதிரியே ஒரு நெம்புகோல் வைத்திருந்தார்கள், ஒவ்வொரு படத்துக்கும் அதை இழுத்து ஷட்டரை ஏற்ற வேண்டும். 2006ல் ஜெர்மனியின் லைக்கா எம்8 வந்தது. அதன் சென்சார் ஃபிலிமைவிடச் சிறியது. காரணம் சுவாரசியமானது. இந்தக் கேமராக்களில் லென்ஸின் பின்பக்கம் ஃபிலிமுக்கு மிக அருகில் இருப்பதால், ஓரங்களுக்கு வெளிச்சம் சாய்வாகத்தான் வந்து சேரும். ஃபிலிம் அதைப் பொருட்படுத்தாது. சென்சாரின் புள்ளிகளோ கிணறு மாதிரி, சாய்ந்த வெயில் அடித்தண்ணீரைத் தொடாது. ஓரத்தில் இருக்கும் நுண்லென்ஸ்களைக் கொஞ்சம் தள்ளி வைத்து, 2009ல் எம்9இல் ஃபிலிம் அளவு சென்சாரையே கொண்டுவந்தார்கள். பின்பக்கத் திரையே இல்லாத மாடலும் 2016ல் வந்தது. பிரான்சில் பிக்சி என்று ஒரு சின்ன கம்பெனியும் இந்த வகைக் கேமராவைச் செய்கிறது.

எம்10 வந்தது 2017 ஜனவரி, எம்11 வந்தது 2022 ஜனவரி. "அப்ப அடுத்தது 2027 ஜனவரி சார்" என்பது அவன் கணக்கு. இருக்கலாம். அமெரிக்காவில் எம்11 அறிமுகமானபோது உடம்புக்கு மட்டும் 8,995 டாலர் விலை. லென்ஸ் தனி. என் ஓய்வூதியத்தை வைத்து நான் செய்வது ஆரூடம் மட்டுமே, அதற்குக் காசு இல்லை.

விலை குறைந்த ஒன்றை ஜப்பான்காரர்கள் விடுவார்கள் என்பது அவன் நம்பிக்கை. ஃபோக்ட்லாண்டர் என்ற பெயரில் கொசினா கம்பெனி இன்றைக்கும் இந்த மவுன்ட்டுக்கு லென்ஸ் செய்கிறதே, உடம்பு செய்ய என்ன என்கிறான். எனக்கு நம்பிக்கை இல்லை. லென்ஸின் அசைவை ஒரு சின்ன உருளை தொட்டு வாங்கி, அந்த மஞ்சள் கட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதில் மயிரிழை பிசகினாலும் 60 மெகாபிக்சல் காட்டிக் கொடுத்துவிடும். அவ்வளவு கைவேலையை மலிவாக யார் செய்வார்கள்?

என் ஊகம் வேறு. 2022ல் லைக்கா புதுப்பித்த 35 மி.மீ. லென்ஸ் ஒன்று 40 செ.மீ. வரை கிட்டப் பார்க்கிறது. ரேஞ்ச்ஃபைண்டரோ 70 செ.மீ.க்குக் கீழே அளக்காது. லென்ஸே ஜன்னலைத் தாண்டிப் போய்விட்டது என்றால் ஜன்னல் எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டேன். சண்டைக்கு வந்தான். 2025 அக்டோபரில் எம் இவி1 வந்தது. ஜன்னல்களை எடுத்துவிட்டு, உள்ளே சின்னத் திரையை வைத்துவிட்டார்கள். "ரேஞ்ச்ஃபைண்டர் இல்லாத எம், சர்க்கரை இல்லாத பாயசம் சார்" என்றான். முப்பது வருஷ சர்க்கரைக்காரனிடம் சொல்லும் உவமையா இது!

அவனிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. சர்க்கரையால் என் இடது கண் மங்கிப் பல வருஷம் ஆகிறது. வலது கண்ணில் இப்போது புரை. மஞ்சள் கட்டம் தெரிகிறது, ஆனால் அதற்குள் நிற்பது ஒரு ஆளா, இரண்டு ஆளா என்று தெரியவில்லை. எல்லோரும் திட்டும் அந்தக் கேமராவில் காட்சியைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், ஃபோகஸ் ஆன விளிம்பு நிறம் மாறிக் காட்டும். அதை வைத்து என்னால்கூட எடுக்க முடியும்.

போன மாதம், "அம்மாவை ஒரு நல்ல படம் எடுத்தியாப்பா?" என்று கேட்டேன். "புது பாடி வரட்டும் சார்" என்றான்.

அவன் அம்மாவை முந்தலில் பலருக்குத் தெரியும். விடியுமுன் ஜீப்பில் 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு இருட்டிய பிறகு இறங்குவார். அப்படித்தான் அவனைப் படிக்க வைத்தார். இப்போது முட்டி வலி. மலைக்குப் போவதில்லை. கீழே ஒரு கிட்டங்கியில் காய் ரகம் பிரிக்கிறார்.

அவருடைய தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போடிமெட்டு போகிறார் என்று தெரிந்ததும், யாஷிகாவைத் துடைத்து எடுத்துக்கொண்டு அதே ஜீப்பில் ஏறிவிட்டேன். அந்தக் காலத்துப் பேட்டரி இப்போது கிடைக்காது. வேறு பேட்டரிகளை அடுக்கி, அலுமினியத் தாள் சுருட்டி வைத்துச் சமாளித்திருந்தேன். மேகம் இறங்கியிருந்தது. வெளிச்சம் போதாது, எஃப் 4 வைத்தே ஆக வேண்டும். அதில் தூரம் தப்பினால் முகம் போய்விடும். அவரைத் தோட்டத்து வேலி ஓரம் நிறுத்திப் பார்த்தேன். கட்டத்துக்குள் வெறும் வெள்ளை. வளையத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

"என்ன சார், கண்ணு தெரியலையா?" என்று நேராகவே கேட்டுவிட்டார். ஆமாம் என்றேன். வெளியே ஒரு ஆளிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பிறகு தோன்றியது. அவர் நின்ற இடத்தில் ஒரு கல்லை வைத்து, அங்கே நான் போய் நின்றேன். என் இடத்தில் அவரை நிறுத்தி, கேமராவைக் கையில் கொடுத்து, வளையத்தைத் திருப்பச் சொன்னேன். பச்சைக் காயில் பழுதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்.

"ரெண்டு சாரு தெரியிறீக... இருங்க... இந்தா, ஒண்ணாயிட்டீக."

வளையம் அசையாமல் கேமராவை வாங்கிக்கொண்டேன். அவர் கல்லுக்குப் போனார், நான் அவர் நின்ற இடத்துக்கு வந்தேன். ஆறு படம் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் அவரே ஒரு தடவை வந்து பார்த்து, திருப்பிவிட்டுப் போனார். கடைசி இரண்டுக்கு என்னை அதட்டவே செய்தார்: "அசையாம நில்லுங்க சார்."

பெங்களூர்க்காரனுக்கு நடந்ததை எல்லாம் எழுதினேன், கண் விஷயத்தையும் சேர்த்து. ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள், "ஷட்டர் எவ்வளவு சார் இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டான். அடுத்த வாரம் ஊருக்கு வருகிறானாம்.

ரோல் கழுவ மதுரைக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறது. எனக்கு 18ஆம் தேதி தேனியில் கண் ஆபரேஷன். புரையை எடுத்தாலும் விழித்திரை எவ்வளவு ஒத்துழைக்கும் என்பதைப் பிறகுதான் சொல்ல முடியும் என்கிறார்கள். படம் அதற்கு முன்னால் வந்துவிட்டால் இங்கே போடுகிறேன். முகம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று நீங்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.