கடைசியில் ஒரு முக்காற்புள்ளி

ஜூன் 3, 2025, செவ்வாய்

மண்டி மொஹல்லா கடையின் மாடி. கீழே மூட்டை இறங்கிக்கொண்டிருக்கிறது, மேலே சர்வர். தம்பி கூப்பிட்டான்: "சார், சூ போட்டு ரூட் ஆயிட்டேன். யூசர்ஆட் அடிச்சா கமாண்ட் நாட் ஃபவுண்ட்னு வருது."

2019-ல் டெபியன் 10 வந்ததிலிருந்து பலரும் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள். அதற்கு முன்பு வெறும் சூ போட்டாலே ரூட்டுக்குரிய பாத், அதாவது கமாண்ட்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல், கிடைத்துவிடும். இப்போது ஆள் மாறும், பாத் மாறாது. சாதாரண யூசரின் பாத்தில் /யூஎஸ்ஆர்/எஸ்பின் கிடையாது, யூசர்ஆட் இருப்பதோ அங்கேதான். சூவுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு சிறுகோடு போடச் சொன்னேன். வேலை நடந்தது.

ஜூன் 4, புதன்

ரூட்டின் பாத்தை எக்கோ போட்டுப் பார்த்ததும் திக்கென்றது. முன்பு பேக்கப் அமைத்துக் கொடுத்தவர்கள் பேக்கப் ஃபோல்டரைப் பாத்தில் சேர்க்க ப்ரொஃபைல் ஃபைலில் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். அந்த வரி முக்காற்புள்ளியில் முடிகிறது. அதற்குப் பின் எதுவும் இல்லாவிட்டால், நாம் அப்போது நிற்கும் ஃபோல்டர் என்று ஷெல் எடுத்துக்கொள்ளும். போசிக்ஸ் தரநிலையே இதைப் பழைய மிச்சம் என்றுதான் குறிக்கிறது.

"கடைசியில்தானே சார் இருக்கு, அசல் எல்எஸ்தானே முதலில் கிடைக்கும்?" என்றான். நல்ல கேள்வி. உதிரி மெஷினில் அதே வரியைப் போட்டு, சாதாரண யூசராக /டெம்ப்பில் எஸ்எல் என்ற பெயரில் ஐடி கமாண்டை ஓட்டும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று வைத்தேன். அவனை ரூட்டாக அந்த ஃபோல்டருக்குள் போய், எல்எஸ் என்பதை எழுத்து மாற்றி அடிக்கச் சொன்னேன். யூஐடி 0 என்று திரையில் வந்தது. அவசரத்தில் எல்லோருக்கும் விரல் தவறும். அந்தத் தவறுக்காகக் காத்திருக்கும் ஃபைலை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். ரூட்டுக்கு அந்த முக்காற்புள்ளி முதலிலும் வேண்டாம், கடைசியிலும் வேண்டாம்.

ஜூன் 7, சனி

பக்ரீத். கடை மூடியிருந்ததால் சர்வரை நிதானமாகப் பார்க்க முடிந்தது. முக்காற்புள்ளியை எடுத்தேன். பிறகு பாத்தில் உள்ள ஃபோல்டர் ஒவ்வொன்றும் யாருடையது, யார் எழுத முடியும் என்று பார்த்தேன். பேக்கப் ஃபோல்டரில் குரூப்புக்கே எழுத அனுமதி! முக்காற்புள்ளியைவிட இது மோசம். அங்கே உள்ள ஃபைலை மாற்றி எழுதிவிட்டால், ரூட் சரியாக அடித்தாலும் மாட்டிக்கொள்வார். அனுமதியைப் பிடுங்கினேன், அந்த ஃபோல்டரையே பாத்திலிருந்து நீக்கினேன். கிரான் எப்படியும் ப்ரொஃபைலைப் படிப்பதில்லை. அதனால் பேக்கப் ஸ்கிரிப்ட்டுக்கு முழுப் பாதையையும் கிரான்டேபிலேயே எழுதிவிட்டேன். சுடோவின் செக்யூர் பாத் சுத்தமாக இருந்தது.

ஜூன் 9, திங்கள்

இரவு பேக்கப் ஒழுங்காக ஓடியிருக்கிறது. அசோகா ரோடு கிளையிலும் அதே ஆட்கள்தான் சர்வர் அமைத்தார்களாம். நாளைக் காலை தம்பியும் நானும் அங்கே போகிறோம்.