வளையல் கணக்கு

பி.காம் படித்தவனிடம் யாரும் யோசனை கேட்கக் கூடாது. கேட்டால் லாப நஷ்டக் கணக்குதான் போட்டுக் கொடுப்பான். இது தெரியாமல் என் தம்பி எனக்கு போன் செய்தான்.

தம்பி என்றால் சித்தப்பா மகன். பள்ளிப்பட்டில் இருக்கிறான். உங்களில் பலர் திருத்தணிக்குப் போயிருப்பீர்கள். முருகனைக் கும்பிட்டுவிட்டு, புளியோதரை சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். திரும்பாமல் இன்னொரு பஸ் பிடித்து, ஆந்திர எல்லை முட்டுகிற வரைக்கும் போனால் எங்கள் ஊர். சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் இந்தப் பக்கம் வந்தது. தேதியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், நிஜமாகவே அன்றைக்குத்தான். மாநிலம் மாறினாலும் எங்கள் தெருவில் வாய் மாறவில்லை. கடன் கேட்கும்போது தமிழ், திருப்பிக் கேட்டால் தெலுங்கு.

தம்பிக்கு இரண்டு விசைத்தறி. போனில் பின்னால் தறிச் சத்தம்.

"அண்ணா, பாப்பா சிங்கப்பூர் போணும்ங்கறா."

பாப்பாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. சென்னையில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி, இரண்டாம் வருஷம்.

"எதுக்கு?"

"காலேஜ்ல கூட்டிட்டுப் போறாங்க. மருத்துவ ஆராய்ச்சி பண்ற லேபெல்லாம் காட்டுவாங்களாம். அஞ்சு நாள். எம்பத்தஞ்சாயிரம் ஆகும்."

"பணம்?"

கொஞ்ச நேரம் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. "அந்த வளையலைத்தான் வைக்கணும்."

அந்த வளையலின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 2017-ல் தமிழ்நாடு முழுக்க டெங்கு ஆடித் தீர்த்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வீட்டு வாசலில் நிலவேம்புக் கஷாயம் குடித்தோமே, அந்த வருஷம். பாப்பாவின் தம்பிக்கு அப்போது எட்டு வயது. காய்ச்சல் என்று உள்ளூரில் காட்டி, திருத்தணியில் காட்டி, கடைசியில் சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டோம். பிளேட்லெட் பதினெட்டாயிரத்துக்கு இறங்கியிருந்தது. ஒன்பது நாள். பையன் பிழைத்தான். அவன் அம்மாவின் நான்கு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. வட்டி கட்டி அவற்றை மீட்க இரண்டரை வருஷம் ஆயிற்று.

அந்த நான்கு வளையல்கள்தான் மறுபடியும் புறப்படப் போகின்றன. சிங்கப்பூருக்கு.

நான் என் கணக்கைப் போட்டேன். காலேஜ் டூர் என்பது எனக்குத் தெரியாததா? எங்கள் காலத்தில் 'இண்டஸ்ட்ரியல் விசிட்' என்று கொடைக்கானல் போனோம். அங்கே என்ன இண்டஸ்ட்ரி என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இவர்கள் கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுப்பார்கள், வெள்ளை கோட் போட்டுக்கொண்டு இன்னொரு போட்டோ எடுப்பார்கள், சாயங்காலம் முஸ்தபாவில் சாக்லேட் வாங்குவார்கள். எம்பத்தைந்தாயிரம் செலவு. வரவு, ஒரு சர்ட்டிபிகேட்.

"வேணாம்னு சொல்லிடு" என்றேன்.

தம்பி சொல்லவில்லை. அவன் பெண்டாட்டி சொல்ல விடவில்லை. "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா வளையல் என்னுது" என்றாளாம். எட்டாவது வரை படித்தவள்.

2024 பிப்ரவரியில் பாப்பா போனாள். திரும்பி வந்ததும் என் வீட்டுக்கு வந்தாள். சாக்லேட்டோடுதான். "பார்த்தியா?" என்று மனைவியை ஒரு பார்வை பார்த்தேன். அப்புறம் அந்தப் பெண் பேச ஆரம்பித்தாள்.

சிங்கப்பூரில் பயோபொலிஸ் என்று ஒரு வளாகம் இருக்கிறது. 2003-ல் திறந்தார்கள். மருத்துவ ஆராய்ச்சிக்காகவே கட்டிய அடுக்குமாடிகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அந்தரத்தில் பாலம். ஜீனோம், புரோட்டியோஸ், ஹீலியோஸ் என்று கட்டடங்களுக்குப் பெயர். கூடப் போன பிள்ளைகள் இதையெல்லாம் போட்டோ எடுத்தார்கள். இவளும் எடுத்தாள். எதுவும் ஒட்டவில்லை என்றாள். ஒட்டியது ஒரே இடம். கொசு வளர்க்கிற இடம்.

ஆமாம், கொசுதான். நாம் காசு கொடுத்துச் சுருள் வாங்கி விரட்டுகிறோம். அங்கே சம்பளம் கொடுத்து வளர்க்கிறார்கள்.

அவள் சொன்னதை என் அளவுக்குப் புரிந்தபடி சொல்கிறேன். வால்பாகியா என்று ஒரு பாக்டீரியா. பல பூச்சிகளின் உடம்பில் இயற்கையாகவே குடியிருப்பது. டெங்குவை முக்கியமாகப் பரப்புகிற ஏடிஸ் எஜிப்தி கொசுவிடம் அது இயல்பாகக் கிடையாது. அதை ஆய்வுக்கூடத்தில் ஏடிஸுக்குள் ஏற்றி, ஆண் கொசுக்களை மட்டும் ஊருக்குள் விடுகிறார்கள். ஆண் கொசு கடிக்காது, அது குடிப்பது செடியின் சாறுதான். ஊரில் இருக்கும் பெண் கொசு இந்த மாப்பிள்ளையோடு சேர்ந்தால் முட்டை இடும், பொரியாது. கொசு குறைந்துகொண்டே வரும். 2016 முதல் சிங்கப்பூரில் இதைச் செய்கிறார்கள். தொடர்ந்து விட்ட பகுதிகளில் டெங்கு ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்திருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. ஆணையும் பெண்ணையும் சேர்த்தே விடுவது. தலைமுறை தலைமுறையாக அந்தப் பாக்டீரியா ஊர்க் கொசு முழுக்கப் பரவிவிடும். கொசு இருக்கும், கடிக்கவும் செய்யும். ஆனால் அதன் உடம்பில் டெங்கு வைரஸ் சரியாக வளராது. இந்தோனேஷியாவின் யோக்யகர்த்தா நகரத்தில் செய்து பார்த்து, டெங்கு 77 சதவிகிதம் குறைந்தது என்று 2021-ல் வெளியிட்டார்கள்.

இதை விளக்கிவிட்டு, "கேள்வி ஏதாவது உண்டா?" என்று அங்கிருந்த விஞ்ஞானி கேட்டிருக்கிறார். நம் பிள்ளைகள் வழக்கம்போல செருப்பைப் பார்த்திருக்கிறார்கள். பாப்பா மட்டும் கை தூக்கினாள்.

"எங்க ஊர்ல ரெண்டு நாளைக்கு ஒருவாட்டிதான் தண்ணி வரும். டிரம்ல பிடிச்சு மொட்டை மாடியில வைப்போம். அதுலதான் கொசு முட்டை போடும். வெயில்ல அந்தத் தண்ணி கொதிக்கும். அந்தச் சூட்டுல உங்க பாக்டீரியா உயிரோட இருக்குமா?"

பாதி இங்கிலீஷ், பாதி கை ஜாடை. அந்த அம்மாள் சிரிக்கவில்லையாம். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு, "எவ்வளவு சூடு?" என்று கேட்டிருக்கிறார்.

இவளுக்குத் தெரியவில்லை.

"அளந்து பார்த்ததுண்டா?"

இல்லை.

"எனக்கும் தெரியாது. ஆனால் இது நல்ல கேள்வி" என்றாராம். வால்பாகியாவில் பல ரகம் உண்டாம். தண்ணீர் 26 டிகிரிக்கும் 37 டிகிரிக்கும் நடுவில் தினமும் ஏறி இறங்கினால் அதில் ஒரு ரகம் தாங்குவதில்லை, இன்னொரு ரகம் தாங்குகிறது என்று ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தக் கட்டுரையை எழுதிக் கொடுத்திருக்கிறார். அது வெளியான வருஷம் 2017. பாப்பாவின் தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்த அதே வருஷம்.

கடைசியாக இன்னொன்றும் சொன்னாராம். "இவ்வளவு தூரம் ஏன் வந்தாய்? புதுச்சேரியிலேயே செய்கிறார்களே!"

புதுச்சேரியில் 1975 முதல் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று கொசுவுக்காகவே இருக்கிறது. வால்பாகியா ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை அங்கே உருவாக்கிவிட்டதாக 2022-ல் அறிவித்தார்கள். நான் பத்திரிகைக்காரன். புதுச்சேரிக்கு எத்தனையோ தரம் போயிருக்கிறேன். எதற்கு என்று கேட்காதீர்கள். எனக்கு இது தெரியாது.

அன்றைக்கு ராத்திரி எனக்கு எல்லாப்ரகடா சுப்பாராவ் ஞாபகம் வந்தார். பீமவரத்தில் 1895-ல் பிறந்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவருடைய அண்ணன் ஸ்ப்ரூ என்கிற குடல் நோயில் செத்துப்போனார். அதே நோயில் சுப்பாராவும் படுத்து எழுந்தார். 1920-களின் தொடக்கத்தில், மூன்று வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பாஸ்டனில் ஆஸ்பத்திரியில் இரவு வேலை, நோயாளிகளின் மலச்சட்டி எடுப்பது உட்பட. ஹார்வர்டில் ஆராய்ச்சி. பின்னால் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அந்த ஸ்ப்ரூவுக்கு உதவுகிற மருந்து அது. யானைக்கால் நோய்க்கு நம் ஊரில் வீடு வீடாக மாத்திரை கொடுத்தார்களே, அந்த மருந்தும் அங்கிருந்து வந்ததுதான். சொன்னபடி அவர் திரும்பி வரவில்லை. 1948-ல் நியூயார்க்கிலேயே இறந்துபோனார்.

எல்லோரும் சுப்பாராவ் ஆகிவிட முடியாது. எங்கள் பாப்பாவும் ஆவாள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. வெளிநாட்டு லேபில் மெஷினைப் பார்க்கத்தான் போகிறார்கள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். மெஷினைப் பார்க்க மட்டும் போனால் என் கணக்கு சரிதான், எம்பத்தைந்தாயிரம் தண்டம். இந்தப் பெண் பெட்டியில் துணிமணியோடு ஒரு கேள்வியையும் வைத்து எடுத்துப் போயிருக்கிறாள். தம்பியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தபோது முளைத்த கேள்வி. அதை நான் செலவுப் பக்கத்திலும் எழுதவில்லை, வரவுப் பக்கத்திலும் எழுதவில்லை.

மே மாதம் ஊருக்குப் போனேன். திருத்தணிப் பக்கத்து வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, டிவியில் தினமும் சொல்கிறார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மாடியிலிருந்து குரல். "பெரியப்பா, இங்க வாங்க!"

நீல டிரம்முக்குள் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஒரு தெர்மாமீட்டர். பக்கத்தில் அவளுடைய தம்பி, கையில் நாற்பது பக்க நோட்டு. மாடி டிரம் 39. வாசலில் நிழலில் இருக்கும் டிரம் 31. புழு எந்த டிரம்மில் எத்தனை என்று எண்ணி, எழுதிவிட்டுத் தண்ணீரைக் கீழே கொட்டுகிறார்கள். காலை, மத்தியானம், ராத்திரி என மூன்று வேளையும் எழுதியிருந்தது. நிழல் டிரம்மில்தான் புழு அதிகம். "அப்போ சூடு அவ்ளோ பிரச்னை இல்லையோ என்னவோ. இன்னும் ரெண்டு மாசம் பார்க்கணும்" என்றாள். அதற்குப் பிறகு புதுச்சேரிக்கு எழுதுவாளாம்.

கீழே இறங்கி வந்தேன். தம்பி பெண்டாட்டி மோர் கொடுத்தாள். கையில் கண்ணாடி வளையல்.

"மீட்டாச்சா?" என்றேன்.

"இன்னும் பதினாலு மாசம் இருக்கு மாமா" என்றாள் சிரித்துக்கொண்டே.