தாழ்த்திய காருக்கு எந்த சொக்?



தம்பியின் காரில் கட்டை ஸ்பிரிங். சொக் நாலிலும் ஒயில் கசிவு. கம்பனி சொக்கையே வாங்கிப் போடலாமா என்று வீட்டில் பேசினோம்.

ஸ்பிரிங் கட்டையானால் சொக் எப்போதும் அமுங்கியே நிற்கும். குழியில் விழுந்தால் இன்னும் அமுங்க இடமில்லை. அடிக்கும், டயர் துள்ளும். மழைக்குள் கடுகண்ணாவ வளைவில் டயர் துள்ளினால் பிரேக் பிடித்தும் பயனில்லை. உம்மாவும் பிள்ளைகளும் போவது அதில்தான்.

கட்டை ஸ்பிரிங்குக்கென்றே செய்த சொக் விலை கூட. பாவித்தது மலிவு, ஆனால் உள்ளே தேய்ந்தது வெளியே தெரியாது. ஆகவே பழைய உயரத்து ஸ்பிரிங்கோடு புது கம்பனி சொக் போட்டு, வீல் எலைன்மன்டும் செய்தோம். தம்பிக்கு முகம் வாடியதுதான்.

தம்பிமாரே, காரைத் தாழ்த்துவதென்றால் சொக்கின் விலையையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள். மாற்றும்போது சோடியாக மாற்றுங்கள்.