காலியாகாத அறை

திருவண்ணாமலையில் டிசம்பர் மாதத்தில் வாடகை அறை காலியாகாது. ஆட்டோ ஓட்டுகிறவரிலிருந்து அறை பெருக்க வரும் ஆயா வரைக்கும் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. கார்த்திகை தீபம் முடிந்த கையோடு ரமண ஜெயந்திக்கு ஆள் வரும். ஐரோப்பாக் குளிருக்குத் தப்பி நவம்பரில் வருகிறவர்கள், இங்கே வெயில் ஏறுகிற மார்ச்சில்தான் பெட்டி கட்டுவார்கள். நடுவில் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் வேறு. இதெல்லாம் தெரிந்துதான் நான் கர்த்தரிடம் அந்த அடையாளத்தைக் கேட்டேன்.

செங்கம் சாலையை ஒட்டி எங்கள் வீடு. அப்பா கட்டியது, பத்திரம் என் பெயரில். பின்கட்டில் ஓர் அறை, சமையல் மேடை, தனி வாசல். என் அண்ணன் திடீரென்று இறந்துபோனபோது, அண்ணி இரண்டு பிள்ளைகளையும் ஒரு தையல் மெஷினையும் வைத்துக்கொண்டு வாடகை வீட்டில் நின்றார். அடக்க ஆராதனை முடிந்து உறவுக்காரர்கள் கலைந்தபின் ஒருநாள் வந்து கேட்டார்: “தம்பி, பின்கட்டைக் கொடுங்க. பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் பக்கம். முடிஞ்ச வாடகையைக் கொடுத்துடறேன்.”

“ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன் அண்ணி” என்றேன்.

எங்கள் சபையில் இதற்கு மேல் யாரும் பேச முடியாது. கடன் கேட்டவரிடம் கையில் இல்லை என்றால் சட்டைப்பையைப் பார்ப்பார். ஜெபம் பண்ணுகிறேன் என்றால் தலைகுனிந்து போய்விடுவார். நான் ஜெபமும் பண்ணினேன், அதில் பொய்யில்லை. முழங்கால்படியிட்டு, வருடப் பிறப்புக்குள் அந்த அறை தானாகக் காலியானால் அண்ணி வருவது உமது சித்தம் என்று எடுத்துக்கொள்கிறேன், காலியாகாவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வேதாகமத்தில் கிதியோன், பனியில் நனைகிறதா என்று களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டுப் பார்க்கவில்லையா? ஆனால் கிதியோனின் தோல் நனையலாம், நனையாமலும் போகலாம். நான் போட்டது ஒருநாளும் நனையாத தோல்.

இன்னொன்றும் உண்டு. கிதியோனுக்கு என்ன செய்யவேண்டும் என்பது ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. பயத்தில்தான் அடையாளம் கேட்டான். எனக்கும் சொல்லப்பட்டிருந்தது. விதவைக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் என்ன செய்யவேண்டும் என்பதை மோசேயின் நியாயப்பிரமாணம் சொல்கிறது, தீர்க்கதரிசிகள் சொல்கிறார்கள், யாக்கோபின் நிருபம் சொல்கிறது. ஞாயிறு பள்ளியில் நானே பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பதில் கையில் இருக்கும்போது கேள்வி கேட்கிறவன் வேறு பதில் தேடுகிறான் என்றுதானே பொருள்?

டிசம்பர் நடுவில் ஒரு காரியம் நடந்தது. பின்கட்டில் குடியிருந்த வெளிநாட்டு அம்மா என்னைக் கூப்பிட்டார். குளியலறையில் வெந்நீர் ஹீட்டர் வேலை செய்யவில்லை. இரண்டு தடவை சொல்லியும் நான் கவனிக்கவில்லை. கேரளத்தில் சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள், இந்த வாரமே காலி செய்துவிடுகிறேன் என்றார். நான் பதறிப்போனேன். அன்று சாயங்காலமே எலக்ட்ரீஷியனைக் கையோடு கூட்டிவந்தேன். காயில் போயிருந்தது. புதுக் காயில் மாட்டி, குழாயைத் திறந்து ஆவி பறக்கிறதா என்று நானே கையை வைத்துப் பார்த்தேன். அந்த மாத வாடகையிலும் கொஞ்சம் தள்ளுபடி. அந்த அம்மா தங்கிவிட்டார். கர்த்தர் அனுப்பிய பதிலை எலக்ட்ரீஷியனை வைத்துச் சரிசெய்தவன் இந்தப் பூமியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறுநாள் அண்ணி வந்தார். “ஏதாவது தெரிஞ்சுதா தம்பி?” என்றார். “இன்னும் தெளிவா ஒண்ணும் காட்டலை அண்ணி. வருஷப் பிறப்பு வரைக்கும் பொறுங்க.”

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டைப் பெட்டி வந்தது. கிரிவலப் பாதையில் கிளி எடுத்துத் தரும் சீட்டைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் நாங்கள். பெட்டிக்குள் கைவிடும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வோம். எனக்கு வந்தது நடக்கவேண்டிய வழியைக் காட்டுவதாகச் சொல்லும் சங்கீத வசனம். அதை எடுத்துக்கொண்டு போய் அண்ணியிடம் காட்டினேன். கதவு திறக்கவில்லை, கர்த்தர் வேறு வழி வைத்திருக்கிறார் என்றேன். ஜனவரியில் அண்ணி பிள்ளைகளைப் பள்ளி மாற்றி, போளூரில் தன் தம்பி வீட்டுக்குப் போனார். அறை வாடகையில் நான் தசமபாகம் தவறாமல் கொடுத்தேன்.

சூழ்நிலைகள் மூலமாகக் கர்த்தர் பேசுவார் என்பதை நான் இன்றும் மறுக்கவில்லை. ஆனால் சூழ்நிலைக்கு வாய் கிடையாது. நாம்தான் அதற்கு வாயாக இருந்து பேசுகிறோம். யோனா கர்த்தருக்குத் தப்பி ஓடிப்போக நினைத்தபோது யோப்பா துறைமுகத்தில் தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராக நின்றது, கையில் கூலியும் இருந்தது. என்கேதியில், தாவீதைக் கொல்லத் தேடிய சவுல் அவன் ஒளிந்திருந்த குகைக்குள்ளேயே வந்தபோது, கர்த்தர் ஒப்புக்கொடுத்த நாள் இதுதான் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். தாவீது சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்ததோடு நிறுத்திக்கொண்டான். அதற்கே அவன் மனது அடித்துக்கொண்டது. நானாக இருந்தால் அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லியிருப்பேன்.

இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லயோலா 1522இல் மொன்செராத்துக்குப் போகிற வழியில், மரியாளைப் பற்றித் தன்னோடு வாதாடிவிட்டு முன்னே போன மூர் இன முஸ்லிம் ஒருவரைத் துரத்திக் குத்துவதா விடுவதா என்று தெரியாமல் தன் கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். கழுதை அந்த ஆள் போன ஊர்ப்பக்கம் திரும்பாமல் பெருவழியில் போயிற்று. ஓர் உயிர் தப்பியது. அவரே பிற்பாடு எழுதிய ஆன்மிகப் பயிற்சி நூலில், பணத்தின் மேலுள்ள பற்றும் விடவேண்டும், பணமும் கையைவிட்டுப் போகக்கூடாது என்று நினைக்கிற ஒருவன் வருகிறான். அவன் கடவுளிடம் போகமாட்டான். தான் நிற்கிற இடத்துக்குக் கடவுள் வரவேண்டும் அவனுக்கு. அதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். லூத்தரன்காரனுக்கு இக்னேஷியஸ் எதற்கு என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

இதே போக்கில் இன்னொருவரையும் தள்ளியிருக்கிறேன். பிரான்சிலிருந்து வந்த பெனடிக்ட் சபைத் துறவி ஆன்றி லெ சோ, பின்னாளில் அபிஷிக்தானந்தர். 1949 ஜனவரியில் பிரெஞ்சுக் குருவான மொன்ஷானின் அடிகளோடு ரமணரைப் பார்க்க எங்கள் ஊருக்கு வந்தார். வந்த இடத்தில் காய்ச்சல். ‘கர்த்தர் தடுக்கிறார்’ என்று சொல்லித் திரும்பிப்போக இதைவிட நல்ல சாக்கு வேண்டாம். அவர் மறுபடி வந்தார். 1950இல் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் மொன்ஷானினோடு சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார். 1952 முதல் அவ்வப்போது இந்த மலைக் குகைகளில் தங்கினார். குகையில் கிடைத்த அமைதியைக் காட்டித் திருச்சபையை விட்டு வெளியேறவுமில்லை, திருச்சபையைக் காட்டி அந்த அமைதியைப் பொய் என்று சொல்லவுமில்லை. 1973இல் இந்தூரில் இறக்கும்வரை கத்தோலிக்கக் குருவாகவே இருந்தார். அவர் இறந்தபின் வெளிவந்த நாட்குறிப்பில் அந்த இழுபறி தெரிகிறது. ‘குழப்பவாதி’ என்று சபைக் கமிட்டியில் நான் ஒருமுறை அவரைப் பற்றிச் சொன்னேன். அவருடைய இறையியலோடு எனக்கு இன்றும் உடன்பாடில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியால் அவருக்குத் தூக்கம் போயிற்று. நான் கேட்ட கேள்வியால் எனக்கு வாடகை வந்தது.

பல வருஷம் கழித்து, அண்ணியின் மகளுக்கு நிச்சயதார்த்தம் போளூரில். பந்தி முடிந்து வாசலில் உட்கார்ந்திருந்தபோது அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஹீட்டர் விஷயத்தையும் சொன்னேன்.

“எனக்கு அப்பவே தெரியும் தம்பி” என்றார். “அந்த அம்மா துணி தைக்க எங்கிட்டதானே வருவாங்க. காலி பண்ணப் போறேன்னாங்க. அதைக் கேட்டுத்தான் அன்னைக்கு வந்தேன்.”

வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தார். “இத்தனை வருஷம் கழிச்சு இப்ப ஏன் சொல்றீங்க?”

‘கர்த்தர் உணர்த்தினார் அண்ணி’ என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.