செம்மணி வெளியில் ஒரு காலை

யாழ்ப்பாண நகரை விட்டுக் கண்டி வீதி வழியே கிழக்கு நோக்கிச் செல்வோர், அரியாலையைக் கடந்ததும் வீடுகளும் பனைகளும் பின்னொதுங்க, விரிந்த வெளியொன்றைக் காண்பர். அதுவே செம்மணி வெளி. மாரியில் நீர் நிற்கும். கோடையில் உவர் வெளுத்துக் கிடக்கும். வாகனத்தில் விரைவோர் இதைப் பார்ப்பதில்லை. பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம்.

சென்ற தை மாதத்து விடியற்பொழுதொன்றில் கமராவுடன் அங்கு சென்றோம். பனி மூடியிருந்தமையால் வானும் நீரும் பிரிந்து தோன்றவில்லை. இடப்பக்கத்து அடிமூலையில் ஒரு கொக்கு மாத்திரம் நின்றது. அதனையே படமாக்கினோம். படத்திற் பத்தில் ஒன்பது பங்கு வெறும் வெண்மை. (இப்பத்திரிகைக்கு அப்படத்தை அனுப்பாமைக்கு அதுவே காரணம். அச்சுத்தாளின் நிறம் அந்த மெல்லிய சாம்பலை விழுங்கிவிடும். வாசகர் அச்சுப்பிழையென எண்ணவுங்கூடும்.)

இவ்வகைப் படங்கள் புதியனவல்ல. யப்பானியரான ஹிரோஷி சுகிமோட்டோ 1980ஆம் ஆண்டு முதலாகப் பல கடல்களைக் கறுப்பு வெள்ளையிற் படமெடுத்து வந்தவர். மேலே வானம், கீழே கடல், நடுவே தொடுவானக் கோடு. கப்பலில்லை, கரையில்லை, பறவையுமில்லை. அவற்றின் முன் நெடுநேரம் நிற்போரும் உளர்; ஒரு நொடியிற் கடந்து போவோரும் உளர். நிறைந்த படத்தில் எதை முதலிற் பார்ப்பது, எதைப் பின்னர் பார்ப்பது என்பதைப் படமே சொல்லிவிடுகிறது. வெறுமை மிகுந்த படம் அவ்வாறு சொல்வதில்லை. ஆகவே பார்ப்பவர் தம் கைவசமுள்ளதைக் கொண்டுவந்து அங்கே வைக்கவேண்டியிருக்கிறது. கைவசம் யாதும் இல்லாதார்க்குச் சலிப்பே மிஞ்சும்.

எமது படத்தை முதலிற் கண்டவர் அதனைப் பிரதி செய்து தந்த ஸ்ரூடியோக்காரர். "எந்தப் பக்கத்தை வெட்டவேணும், மாஸ்ரர்?" என்று கேட்டார். கொக்கை நடுவே கொணர்ந்து பெரிதாக்கித் தருவதாகவும் சொன்னார். அவர் கூற்றிற் பிழையில்லை. அவரிடம் வருவோர் முகத்துக்காகவே பணம் கொடுப்பவர்கள். ஆயினும் கொக்கை நடுவில் வைத்தால் சுற்றியுள்ள வெளி வெறுஞ் சட்டமாகிவிடும். மூலையில் நின்று வெளியை நோக்கும்போதுதான் அவ்வெளி கொக்குக்கு முன்னே கிடக்கும் தூரமாகிறது. அதே கொக்கு மறுபுறந் திரும்பி நின்றிருந்தால், படத்தை விட்டுப் போகப்போகிறது என்றே தோன்றியிருக்கும்.

அரியாலைக் கமக்காரர் ஒருவர் கொக்கைப் பார்க்கவேயில்லை. நீரோரத்து வெண்கோட்டைத் தொட்டுக் காட்டி, "உவர் இவ்வளவு தூரம் ஏறிவிட்டுது" என்றார். பின்னர் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

உயர்தர வகுப்பு மாணவருக்குக் காட்டினோம். பெரும்பாலார் மரியாதைக்காகப் பார்த்தனர். "படம் முடியேல்லைப் போல இருக்கு, சேர்" என்றான் ஒருவன். பின்வாங்கிலிருந்த மற்றொருவன், "இது சிதம்பர ரகசியம், சேர்" என்றான். வகுப்புச் சிரித்தது. நாமும் சிரித்தோம், வீடு செல்லும் வழியில்தான் அவன் சொன்னது மனத்திற் தைத்தது. தில்லையில் திரையை விலக்கினால் உள்ளே திருவுருவம் இல்லை. வெறுவெளியில் பொன் வில்வமாலை தொங்குகிறது. அம்மாலையும் இல்லாவிடின் எங்கே நோக்குவதென்று அடியார்க்குத் தெரியாது. வெளியைக் காட்டுதற்கு ஒரு சிறு பொருள் வேண்டியிருக்கிறது. அவ்வேலையைத்தான் எமது கொக்கும் செய்தது. சைவசமய பாடத்தை இருபதாண்டுகள் கற்பித்த எமக்கு இது தோன்றவில்லை. பின்வாங்குப் பையனுக்குத் தோன்றிற்று.

இறுதியாகப் பெரியம்மாவிடம் கொண்டுபோனோம். கண்ணாடியைத் துடைத்து அணிந்து, படத்தை வெளிச்சத்திற் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இது செம்மணியெல்லே?"

"ஓம், பெரியம்மா."

"சனம் எங்கையடா?"

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் மக்கள் இவ்வெளியைக் கடந்தே நாவற்குழிப் பாலத்தினூடாகத் தென்மராட்சிக்குச் சென்றனர். அக்கூட்டத்தில் நாமும் இருந்தோம். அப்போது வயது பதினான்கு. இரவு, மழை, சேறு. ஓரடி வைப்பதற்குப் பல நிமிடங்கள். துவிச்சக்கர வண்டியைத் தள்ளவும் இடமில்லை. அன்று இவ்வெளியிற் கண்ணுக்கு எட்டியவரை நிலம் தெரியவில்லை, தலைகளே தெரிந்தன. பெரியப்பா எம்முடன் பாதிவழி வந்தவர், கொட்டிலிற் பசுவைக் கட்டியபடியே விட்டு வந்தது நினைவுக்கு வர, அவிழ்த்துவிட்டு வருவதாகச் சொல்லித் திரும்பினார். சனத்துக்கு எதிராக அவர் நடந்து போனதே நாம் கடைசியாகக் கண்டது.

பெரியம்மா படத்தின் வலப்பக்கத்தில், எதுவுமேயில்லாத ஓரிடத்தில் விரலை வைத்தார். "இஞ்சதான் திரும்பினவர்" என்றார்.

செம்மணியில் 1999ஆம் ஆண்டு பதினைந்து எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டமையும், 2025ஆம் ஆண்டு சித்துப்பாத்தி மயானத்தில் மீண்டும் அகழ்வு நடந்தமையும் வாசகர் அறிந்ததே. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம், அங்கு கிடைத்த பொருட்களைப் பொதுமக்கள் அடையாளங் காணும்படி பார்வைக்கு வைத்தனர். பெரியம்மா போகவில்லை. அழைத்துச் செல்வதாகச் சொன்னோம். கால் நோகிறது என்றார். இப்படத்தை மாத்திரம் தமக்கு வேண்டுமெனக் கேட்டார்.

நாம் அக்காலை எடுத்தது பனியையும் ஒரு கொக்கையுமே. அவ்விடத்தை நாமும் அறிந்திருந்தும், கமராவினூடே நோக்கியபோது பெரியப்பாவின் நினைவு எமக்கு வரவில்லை என்பதை இங்கு ஒப்புக்கொள்ளவேண்டும்.

படம் இப்போது சட்டம் போடுவதற்குக் கடையில் இருக்கிறது. ஓரத்தை வெட்டவேண்டாமென்று கடைக்காரரிடம் சொல்லும்படி பெரியம்மா இருமுறை நினைவூட்டினார். சொல்லியிருக்கிறோம்.